முன்சீப் வீட்டுத் திண்ணையிலிருந்து கோர்ட்டுப் படி வரை

"அக்கா, நம்ம பக்கத்துல போலீஸ் ஸ்டேஷனும் கோர்ட்டும் பொம்பளைங்களுக்கு எப்படி எட்டுச்சுன்னு மலருக்கு நீங்கதான் எழுதித் தரணும்" என்று கூட்டமைப்புக் கணக்காளர் பொண்ணு கேட்டாள். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். ஆனால் இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாகத் தீர்மானப் புத்தகம் எழுதின கை இது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். தப்பு இருந்தால் சகோதரிகள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்க அம்மாவுக்கு கோர்ட்டு என்றால் கிராம முன்சீப் வீட்டுத் திண்ணைதான். வரி வசூல் பண்றதும் அவர், பிறப்பு இறப்பு எழுதுவதும் அவர், ஊரில் ஏதாவது நடந்தால் போலீசுக்குச் சொல்லி அனுப்புவதும் அவர். சின்னச் சின்ன கொடுக்கல் வாங்கல் தகராறைத் தீர்க்கிற அதிகாரமும் ஒரு காலத்தில் அந்தப் பதவிக்கு இருந்தது. இதுக்கு வேர் எங்கே என்று பார்த்தால் நம்ம தர்மபுரி வரைக்கும் வருகிறது. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் சீமை கம்பெனிக்காரன் கைக்குப் போனபோது, ரீடு என்ற அதிகாரிக்குக் கீழே வேலை செய்ய வந்தவர் தாமஸ் மன்றோ. 1799 வரைக்கும் ஏழு வருஷம் இந்தப் பக்கம்தான் சுற்றினார். ஊர் எப்படி நடக்கிறது, ஊர்ப் பெரியதனக்காரர் பேச்சு எப்படி எடுபடுகிறது என்பதை எல்லாம் இங்கே பார்த்தவர். அவர் முயற்சியால்தான் 1816-ல் சென்னை மாகாணம் முழுக்க, ஊர்த் தலைவரையே முன்சீப் ஆக்கிச் சட்டம் வந்தது.

ஏழை எளியவர்கள் தூரத்து கோர்ட்டுக்கு அலையவேண்டாம் என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் அதே வருஷத்துச் சட்டத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தது. சில்லறைக் குற்றத்துக்கு, 'தாழ்ந்த சாதி' என்று அவர்கள் சொன்ன ஜனங்களை மட்டும் ஊர்த் தலைவர் தொழுக்கட்டையில் காலை மாட்டி உட்கார வைக்கலாம். மற்றவர்களுக்கு அது கிடையாது. நீதி வீட்டுப் பக்கத்தில் இருந்தால் போதாது, அது யார் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது என்பதும் இருக்கிறது இல்லையா?

எங்க அம்மா அந்தத் திண்ணையில் ஏறினதே இல்லை. புளியமரத்து நிழலில் நிற்பாள். அவளுக்காக மாமாதான் பேசுவார். பேசி முடித்ததும் "சரி, போங்க" என்பார்கள். எழுத்தில் ஒன்றும் இருக்காது. ஆறு மாசம் கழித்து அப்படிச் சொல்லவே இல்லை என்றால் அதோடு சரி.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் முன்சீப், கர்ணம் பதவிகளை ஒரே நாளில் எடுத்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலர் என்று புதிதாகக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் எங்க ஊரில் வயசானவர்கள் வி.ஏ.ஓ.வை முன்சீப் என்றுதான் கூப்பிடுவார்கள். பதவிதான் போனது. பஞ்சாயத்துப் பேசுகிற பழக்கம் மரத்தடியிலேயே இருந்தது.

பெண்கள் பக்கம் காற்று திரும்பினது 1989-ல் என்று சொல்வேன். அந்த வருஷம் மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் பெண் பிள்ளைக்கும் சம பங்கு என்று சட்டம் வந்தது. அதுக்கு முன்னாலேயே கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை. நான் முன்னாலேயே கழுத்தை நீட்டிவிட்டவள், 2005-ல் மத்திய சட்டம் மாறுகிற வரைக்கும் எனக்கு அந்தக் கணக்கே இல்லை! அதே 1989 செப்டம்பரில்தான் பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியின் உதவியோடு, தமிழ்நாட்டிலேயே முதலில் நம்ம தர்மபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்கள் ஆரம்பித்தார்கள். இதை நாம் எங்கே போனாலும் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லலாம்.

போலீசில் பெண்கள் என்பது தமிழ்நாட்டில் 1973-ல் வந்தது. அதே வருஷம் கேரளாவில் கோழிக்கோட்டில் நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையத்தை இந்திரா காந்தி திறந்துவைத்தார். நமக்கு அது வர 1992 ஆச்சு. சென்னை ஆயிரம் விளக்கில் ஏப்ரல் மாதம் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தார்கள். பிறகு ஊர் ஊராக வந்தது.

அதே 1992, ஜூன் 20. அன்றைக்கு நம்ம அரூர்ப் பக்கம் வாச்சாத்தியில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் மலையடிவாரத்துப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை இடித்து, கிணற்றைப் பாழாக்கி, ஆண் பெண் குழந்தை என்று பார்க்காமல் அடித்து, 18 பெண்களைக் கெடுத்தார்கள். பிறகு அந்தப் பெண்களையே ஜெயிலில் போட்டார்கள். யார் வந்து காப்பாற்ற வேண்டுமோ அவர்களே வந்து செய்தால், எந்த ஸ்டேஷனில் போய்ப் புகார் கொடுப்பது? மலைவாழ் மக்கள் சங்கமும் மாதர் சங்கமும் விடாமல் பின்னால் நின்றார்கள். உயர் நீதிமன்றம் 1995-ல் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவு போட்டது. 269 பேர் மேல் வழக்கு. தீர்ப்பு வருவதற்குள் அதில் 54 பேர் செத்தே போனார்கள். 2011 செப்டம்பர் 29-ல் நம்ம தர்மபுரி மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில், உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. ஒருத்தர்கூட விடுதலை இல்லை. மேல்முறையீட்டில், 2023 மார்ச் மாதம் உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் ஊருக்கே நேரில் வந்து பார்த்தார். செப்டம்பரில் தண்டனையை உறுதி செய்து, அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் தரச் சொன்னார். கணக்குப் போட்டுப் பாருங்கள், முப்பத்தொரு வருஷம். அத்தனை வருஷமும் அந்தப் பெண்கள் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

இனி எங்க குழு கதைக்கு வருகிறேன். இதை எழுதத்தான் எனக்குத் தயக்கம்.

1999-ல் எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி. பேர் வேண்டாம். உள்கடன் 3,000 ரூபாய் வாங்கி ஆடு வாங்கினாள். புருஷன் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்ச் சந்தையில் விற்றுவிட்டான். கேட்டதுக்கு அடி. குழுக் கூட்டத்தில் வந்து அழுதாள். "ஸ்டேஷனுக்குப் போலாம்க்கா, நீங்க எல்லாரும் கூட வாங்க" என்றாள். அப்போது நான்தான் ஊக்குநர். "குடும்ப விஷயத்துல குழு தலையிட்டா நாளைக்கு ஒருத்தன் கூட பொண்டாட்டிய கூட்டத்துக்கு அனுப்ப மாட்டான்" என்று சொன்னது நான். பேசிச் சமாதானம் பண்ணி அவளைத் திருப்பி அனுப்பினேன். தீர்மானப் புத்தகத்தில் அந்தப் பேச்சை எழுதக்கூட இல்லை. முன்சீப் திண்ணையில் என்ன நடந்ததோ அதையேதான் நானும் செய்தேன்.

இருபது நாள் கழித்து இடது கை எலும்பு முறிந்து, இரண்டு பிள்ளைகளோடு ராத்திரியில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மறுநாள் அவளும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம். எந்த ஸ்டேஷன் என்று சொல்லவேண்டாம். மனுவை வாங்கி மேசை மேல் வைத்துவிட்டு "ஊர்லயே பேசி முடிச்சுக்கங்கம்மா" என்றார்கள். வந்துவிட்டோம். மகளிர் திட்டப் பயிற்சியில் அறிமுகமான ஒரு வக்கீல் அம்மாவிடம் போய்ச் சொன்னோம். அவர் முதலில் கேட்டது, "சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினீங்களா?" எங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மனு கொடுத்தால் அதைப் பதிவு செய்து நம்பர் போட்ட ரசீது தரவேண்டும், அது இல்லை என்றால் நீங்கள் அங்கே போகவே இல்லை என்று அர்த்தம் என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஐந்து ரூபாய் சந்தாவுக்கு ரசீது கேட்கிற நாங்கள், கை முறிந்ததுக்கு ரசீது கேட்காமல் வந்திருக்கிறோம்!

அன்றைக்குச் சாயங்காலமே கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதினோம். பதினாறு பேரில் பதினொரு பேர் கையெழுத்து. ஐந்து பேர் வீட்டுக்குப் பயந்து போடவில்லை, அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அடுத்த நாள் பதினொரு பேரும் தீர்மானப் புத்தகத்தோடு போனோம். மதியம் வரைக்கும் வெளியில் உட்கார வைத்தார்கள். ரசீது இல்லாமல் எழுந்திருக்க மாட்டோம் என்று உட்கார்ந்தோம். ரசீது வந்தது. பிறகு வழக்கும் பதிவாச்சு.

ஜீவனாம்ச வழக்கு தனி. அப்போதிருந்த சட்டத்தில் மாஜிஸ்திரேட் எவ்வளவு மனசு வைத்தாலும் ஒருத்தருக்கு மாசம் 500 ரூபாய்க்கு மேல் போட முடியாது. வாய்தா வாய்தாவாக ஒன்றரை வருஷம் அலைந்தோம். கோர்ட்டில் பேர் கூப்பிடும்போது முதல் தடவை அவளுக்குக் குரலே வரவில்லை. பஸ் செலவை குழுவின் பொது நிதியில் எழுதினோம், தணிக்கைக்கு வந்தவர் அதைக் கேள்வி கேட்டது வேறு கதை. வக்கீலுக்குக் காசு கொடுக்கவில்லை. 1987-ல் போட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. தாலுகா கோர்ட்டிலேயே அதற்குக் குழு இருக்கிறது. அவளுக்கும் பிள்ளைகளுக்குமாக உத்தரவு வந்தது. 2001 செப்டம்பரில் அந்த 500 ரூபாய் வரம்பை எடுத்தார்கள். உடனே உயர்த்தித் தரச் சொல்லி அவளே மனு எழுதினாள். நான் கூடப் போகவில்லை.

அதற்குப் பிறகு நிறைய மாறிவிட்டது. 2006 அக்டோபர் 26 முதல் குடும்ப வன்முறைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில் பாதுகாப்பு அலுவலர் மூலம் மாஜிஸ்திரேட்டிடம் போனால், வீட்டைவிட்டுத் துரத்தக்கூடாது என்றே உத்தரவு வாங்கலாம். அன்றைக்கு இது இருந்திருந்தால் அவள் ராத்திரியில் என் வாசலுக்கு வந்திருக்க வேண்டியதில்லை. பொழுது இறங்கினதுக்குப் பிறகு பெண்ணைக் கைது செய்யக்கூடாது, தவிர்க்கவே முடியாது என்றால் பெண் அதிகாரி, மாஜிஸ்திரேட் அனுமதி வாங்கித்தான் செய்யணும் என்பது 2005 திருத்தத்தில் வந்தது. சாட்சி விசாரிக்கணும் என்றால் நம்மை ஸ்டேஷனுக்குக் கூப்பிடக்கூடாது, அவர்கள்தான் நம் வீட்டுக்கு வரவேண்டும். 2024 ஜூலை 1 முதல் சட்டத்தின் பேரும் பிரிவு நம்பரும் மாறியிருக்கிறது, இந்த உரிமைகள் அப்படியேதான் இருக்கின்றன. எந்த ஸ்டேஷன் எல்லை என்று பார்க்காமல் எங்கே வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம் என்பதையும் அதில் எழுதியே வைத்துவிட்டார்கள். ஸ்டேஷனில் பதியவில்லை என்றால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

கடன், நிலம், ஜீவனாம்சம் மாதிரி விஷயத்துக்கு மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. கோர்ட்டுக் கட்டணம் இல்லை. அங்கே இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அதுவே தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது. அதனால்தான் சொல்கிறேன், "போட்டுடும்மா, போட்டுடு" என்று யாராவது அவசரப்படுத்தினால் போடாதீர்கள். தொகையைப் படித்துப் பார்த்து, திருப்தி இல்லை என்றால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சட்ட உதவிக்கு 15100, ஆபத்து என்றால் 181 அல்லது 112. இந்த மூன்று நம்பரையும் கூட்டமைப்பு அலுவலகச் சுவரில் எழுதச் சொல்லியிருக்கிறேன், பெயின்ட் இன்னும் வரவில்லை.

அந்தத் தங்கச்சி பெண்ணுக்குக் கல்யாணமாகி பேரப்பிள்ளை இருக்கிறான். போன மாசம் பக்கத்து ஊர்க் குழுவிலிருந்து ஒரு பெண் கூட்டமைப்புக்கு வந்து அழுதாள். நான் கண்ணாடியைத் தேடிக்கொண்டு இருந்தேன். அதற்குள் அவள் எழுந்து, அந்தப் பெண்ணின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, "ஆதார் கொண்டு வந்திருக்கியா? வா, பத்தரை மணி பஸ்ஸு இருக்கு" என்று கூட்டிக்கொண்டு போனாள். சாயங்காலம் திரும்பி வந்து, ரசீதை ஜெராக்ஸ் எடுத்து என் மேசையில் வைத்தாள்.