பான்டிங்கின் கடிதமும் களி உருண்டையும்

லண்டனில் வில்லியம் பான்டிங் என்று ஒருவர் இருந்தார். அரச குடும்பத்தாரின் சவ ஊர்வலங்களை நடத்திக் கொடுப்பது அவருடைய குடும்பத் தொழில். செத்தவர்களுக்குத் தொண்டு செய்து பிழைத்த அந்த மனிதர்தான், உயிரோடிருக்கும் ஸ்தூல சரீரிகளுக்கு ஊரறியப் பத்தியம் சொன்னவர்.

அறுபத்தைந்து வயதில் பான்டிங்கின் எடை 202 பவுண்டு. குனிந்து செருப்பு வாரைக் கட்ட முடியாது. முழங்காலும் கணுக்காலும் அதிர்ச்சி தாங்காமல் போகவே, மாடிப்படியில் பின்புறமாகத் திரும்பி இறங்குவாராம். படகு வலித்தார், பசிதான் அதிகமாயிற்று. 1862ல் காது மந்தமாகி வில்லியம் ஹார்வி என்ற டாக்டரிடம் போனார். பாரிஸில் குளோத் பெர்னாரின் சொற்பொழிவைக் கேட்டு வந்திருந்த ஹார்வி, ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் ஆகியவற்றை நிறுத்தச் சொன்னார். மாமிசத்தையும் மீனையும் அனுமதித்தார். ஓராண்டில் 46 பவுண்டு குறைந்தது. 1863ல் தம் அனுபவத்தைச் சொந்தச் செலவில் சிறு நூலாக அச்சிட்டார் பான்டிங். மனிதர் 81 வயது வரை வாழ்ந்தார்.

மாவுச்சத்தை அதற்கும் கீழே, நாளொன்றுக்கு 20 முதல் 50 கிராமுக்குள் கட்டுப்படுத்தினால், உடல் கொழுப்பைக் கரைத்துக் கீட்டோன்கள் என்ற பொருள்களை உண்டாக்கி அவற்றையே எரிபொருளாகக் கொள்கிறது. இதற்குக் 'கீட்டோஜெனிக்' என்ற பெயரை 1921ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ரஸ்ஸல் வைல்டர் வைத்தார். அவர் நினைத்தது பருமனை அல்ல, காக்காய் வலிப்பை.

மூட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பருமனானவரின் கொழுப்பு வெறும் சுமை அல்ல. அழற்சியைத் தூண்டும் பொருள்களையும் அது சுரக்கிறது. சுமைக் கணக்கும் உண்டு. எடை ஒரு பவுண்டு குறைந்தால், அடியெடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் முழங்காலுக்கு நான்கு பவுண்டு பாரம் குறைகிறது என்று 2005ல் அமெரிக்காவில் அளந்து கண்டார்கள். 1991ல் நார்வேயில், முடக்குவாத நோயாளிகளை ஒரு வாரத்துக்கு மேல் அரைப் பட்டினி போட்டுப் பிறகு மரக்கறி உணவில் வைத்தபோது மூட்டு வீக்கமும் வலியும் குறைந்தன. கீட்டோன்களில் ஒன்று, அழற்சியைக் கிளப்பும் ஓர் அமைப்பை அடக்குவதாக 2015ல் எலிகளில் தெரிந்தது. பான்டிங்குக்கு மாமிசம், நார்வேக்காரருக்குக் காய்கறி! ஆகவே ஒரே ஆகாரம்தான் அமிர்தம் என்று சத்தியம் செய்ய வேண்டியதில்லை.

இனி காவேரிப்பட்டினத்துக்கு வருவோம். சிலப்பதிகாரத்துப் பட்டினம் அல்ல இது. கிருஷ்ணகிரிக்குத் தெற்கே, தென்பெண்ணைக் கரையில், மைசூர் யுத்த காலத்தில் ஹைதர் அலிக்கும் கும்பெனிக்கும் இடையே கைமாறிய கோட்டையூர். இந்தச் சீமையின் சோறு ராகிக் களி. நூறு கிராம் ராகி மாவில் மாவுச்சத்து ஏறக்குறைய எழுபது கிராம். ஒரே உருண்டையில் கீட்டோ பத்தியம் முறிந்துவிடும்.

அதற்காகக் களியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாமா? ஏர் பிடித்தவனும் ஏற்றம் இறைத்தவளும் உண்ட களி, சாயங்காலத்துக்குள் வியர்வையாய்ப் போயிற்று. 1970களில் ஓசூரில் சிப்காட் வந்தது, ஆலைகள் வந்தன. உழைப்பின் விதம் மாறியது. உருண்டையின் அளவு மாறவில்லை. கூடவே பரோட்டாவும் சர்க்கரைத் தேநீரும் சேர்ந்துகொண்டன. வாதரத்தத்துக்குச் சரகர் 'ஆட்யவாதம்' என்றும் பெயர் சொல்கிறார். செல்வர் நோய் என்று அர்த்தம். இன்று அது செல்வரைத் தேடிப் போவதில்லை. ஷிப்டு முடிந்து வருகிறவனையும் பிடித்துக்கொள்கிறது.

சென்ற பத்தாண்டில் நியாண்டர் செல்வன் முதலானோர் 'பேலியோ' என்ற பெயரில் முகநூலில் இந்தப் பத்தியத்தைத் தமிழருக்குச் சொன்னார்கள்; பலர் இளைத்தார்கள். ஆனால் கீட்டோன் பெருகும் தொடக்க நாட்களில் யூரிக் அமிலம் சரிவர வெளியேறாது; கெளட் வாதக்காரனுக்கு வலி கூடலாம். நீரிழிவு மாத்திரை சாப்பிடுகிறவனுக்குச் சர்க்கரை அபாயகரமாக இறங்கலாம். முடக்குவாதத்துக்கு உட்கொள்ளும் மருந்தை நிறுத்தும் அதிகாரம் எந்தப் பத்தியத்துக்கும் கிடையாது.

பான்டிங் ஒரு வைத்தியரின் கண்பார்வையில்தான் ரொட்டியை விட்டார். நம்மவர்களும் அப்படியே உருண்டையைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கீரையும் முட்டையும் வைத்துப் பார்க்கலாம். படிக்கட்டில் நேராக இறங்க முடிந்தால் அதுவே பெரிய லாபம்.