வளவனூர் வீணையும் இங்கிலாந்துக் கிட்டாரும்

இசைக்கு மொழியில்லை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் ஒவ்வோர் இசைக்கும் ஒரு மொழி உண்டு. அதற்கு இலக்கணம் உண்டு. அதைக் கற்றுத்தரும் ஆசானும் உண்டு. பிறருடைய இசையைக் கேட்டு மகிழ்வது ஒன்று. அதன் முன் மாணவராய் அமர்வது மற்றொன்று. இவ்வேறுபாட்டை விளக்க, நம் விழுப்புரம் மண்ணோடு தொடர்புடைய வரலாறு ஒன்று இருக்கிறது.

திண்டிவனம் தொடங்கி விழுப்புரம் வரையுள்ள பங்குகளில் கிட்டார் இன்று புதுமையான கருவியன்று. இளைஞர்கள் அதை விரும்பிக் கற்கின்றனர், திருப்பலியில் மீட்டுகின்றனர். அக்கருவியை உலகெங்கும் இளைஞரின் கருவியாக்கியதில் 1960-களின் இங்கிலாந்துக் கலைஞர்களுக்குப் பெரும் பங்குண்டு. அவர்களுள் ஒருவர் ஜான் மெக்லாக்லின்.

புகழின் உச்சியில்

1942 ஜனவரி 4 அன்று யார்க்ஷயர் பகுதியில் டான்காஸ்டர் அருகே பிறந்தவர் அவர். தாயார் வயலின் கலைஞர். பதினொரு வயதில் மெக்லாக்லின் கிட்டாரைக் கையிலெடுத்தார். 1969-இல் அமெரிக்கா சென்று, புகழ்பெற்ற மைல்ஸ் டேவிசின் இசைத்தட்டுகளில் வாசித்தார். 1971-இல் 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா' என்னும் குழுவைத் தொடங்கினார். ஜாஸ் இசையின் நுட்பத்தையும் ராக் இசையின் மின்முழக்கத்தையும் இணைத்த அக்குழுவின் வேகமும் ஒலியும் கேட்டோரைத் திகைக்க வைத்தன. 'மகாவிஷ்ணு' என்பது அவருடைய ஆன்மிக வழிகாட்டியான ஸ்ரீ சின்மய் சூட்டிய பெயர். அந்தச் சின்மய், 1944 முதல் 1964 வரை புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் வாழ்ந்தவர்.

புகழ் இவ்வாறு ஓங்கிய நாள்களிலேயே, இக்கலைஞர் மீண்டும் மாணவரானார்.

வளவனூர் ஆசான்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் வழியில் உள்ள ஊர் வளவனூர். 1917-இல் அங்குப் பிறந்தவர் டாக்டர் எஸ். இராமநாதன். வாய்ப்பாட்டிலும் வீணையிலும் தேர்ந்தவர், இசை ஆராய்ச்சியாளர். சிலப்பதிகாரத்தில் உள்ள இசையை ஆராய்ந்து, அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். மெதடிஸ்ட் கிறிஸ்தவர்கள் 1831-இல் நிறுவிய அக்கல்விக்கூடம், 1960-களிலிருந்தே கருநாடக இசைக்கு இடமளித்து வந்தது. அங்குதான் 1970-களின் தொடக்கத்தில் மெக்லாக்லின் இராமநாதனிடம் வீணை பயின்றார்.

அப்பயிற்சி அவரை வீணைக் கலைஞராக்கவில்லை. ஆனால் அவருடைய கிட்டாரையே மாற்றியது. வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, ஒரே மெட்டிலிருந்து பல சுரங்களை எழுப்பலாம். கமகத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கிட்டாரிலோ மெட்டுகளுக்கிடையே மரம் மேடிட்டு நின்று, அவ்வளவு ஆழமான இழுப்புக்கு இடம் தருவதில்லை. எனவே மெட்டுகளுக்கிடையே மரத்தைக் குழிவாகக் குடைந்த கிட்டார் ஒன்று அவருக்காகச் செய்யப்பட்டது. சுருதியோடு இசைந்து அதிரும் துணைத் தந்திகளும் அதில் குறுக்காகப் பூட்டப்பட்டன. பிறருடைய இசையைத் தம் கருவிக்கு ஏற்ப வளைக்காமல், பிறருடைய இசைக்காகத் தம் கருவியைக் குடைந்துகொண்டார் அவர்.

மண்கடத்தின் அருகே

1975-இல் 'சக்தி' என்னும் குழு அரங்கேறியது. வயலின் எல். சங்கர், தபேலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாட் ராகவன் ஆகியோருடன் மெக்லாக்லின் தரையில் சம்மணமிட்டு அமர்ந்தார். மின்கிட்டாரின் பேரொலியால் பெயர் பெற்றவர், மரக்கிட்டாரை ஏந்தினார். ஏன்? கடம் என்பது சுட்ட மண்பானை. அதன் வாய் வயிற்றோடு சேரும்போதும் விலகும்போதும் எழும் நுண்ணிய வேறுபாடுகள் பேரொலியில் மூழ்கிவிடும். பக்கத்தில் இருப்பவரின் குரல் கேட்கவேண்டுமானால் நம் குரலைத் தாழ்த்தவேண்டும் அல்லவா?

அக்குழு மூன்று இசைத்தட்டுகளோடு பிரிந்தது. ஆயினும் விதை மடியவில்லை. 1997-இல் அது புத்துயிர் பெற்றது. மேலைநாட்டு மாண்டலினைக் கருநாடக இசைக்கருவியாக்கிய உ. ஸ்ரீநிவாஸ், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் போன்றோர் இணைந்தனர். 2007-இல் மெக்லாக்லின் செல்வகணேஷோடு சேர்ந்து கொன்னக்கோல் பாடங்களை ஒளிவட்டாக வெளியிட்டு, தாம் கற்றதை மற்ற நாட்டவர்க்கும் கற்பித்தார். 2024-இல் சக்தி குழுவின் 'இந்தத் தருணம்' என்னும் பொருள்படும் பெயர்கொண்ட இசைத்தொகுப்பு கிராமி விருது பெற்றது. அவ்வாண்டு டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்தார்.

நம் பீடத்தருகே

இவ்வரலாறு நமக்குப் புதிதன்று. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் டி நோபிலியும், அவருக்குப் பின் வந்த வீரமாமுனிவரும் போதிக்கும் முன் கற்றவர்கள். கற்றதால்தான் அவர்கள் போதனை வேர்விட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டில் ஆர்கனைப் போற்றியதோடு நில்லாமல், ஒவ்வொரு மக்களின் இசை மரபையும் உரிய மதிப்போடு ஏற்கப் பணித்தது. வழிபாட்டிற்கு ஏற்ற பிற கருவிகளுக்கும் வழி திறந்தது.

அவ்வழியே கிட்டார் வந்தது, வரவேற்றோம். ஆனால் நம் மண்ணின் பறை எங்கே நிற்கிறது? தேர்ப்பவனியிலும் இறுதி ஊர்வலத்திலும் முழங்கும் பறை, பல ஊர்களில் ஆலய வாசலோடு நின்றுவிடுகிறது. இசை நுட்பத்தில் அது குறைந்ததா? இல்லை. அதை அடிக்கும் கரங்களைச் சாதியின் பெயரால் தாழ்த்திய பாவம்தான் அதை வெளியே நிறுத்தியது. கடல் கடந்து வந்த கருவிக்குப் பீடத்தருகே இருக்கை தந்த நாம், அடுத்த தெருவின் கருவிக்கு அதை மறுப்போமாயின், நாம் போற்றுவது இசையையா, அந்தஸ்தையா?

நம் பாடகர் குழு இளைஞருக்கு ஒரு வேண்டுகோள். கிட்டாரைக் கீழே வைக்கச் சொல்லவில்லை. அடுத்த தவக்காலத்திற்குள் உங்கள் பங்கில் பறையோ தவிலோ அறிந்த பெரியவர் ஒருவரைத் தேடிச் சென்று, அவரை ஆசானாக ஏற்று, அவருடைய தாளங்களைக் கற்றுக்கொள்ளுங்கள். பின்னர் அவரையும் உயிர்ப்புப் பெருவிழாத் திருப்பலியில் உங்கள் அருகே அமரச் செய்யுங்கள். அவருடைய கருவியும், உடன் பாடும் இறைமக்களின் குரலும் கேட்கும்படி ஒலிபெருக்கியைச் சற்றே தாழ்த்துங்கள்.