நீர்வழிக் கதைகள் – 17: ஒரு தேனிலவும் ஒரு பாலமும்

எழுபது அடி நீளம், ஏழடி அகலம். அதற்குள் படுக்கை, சமையல்கட்டு, புத்தக அலமாரி, போதாததற்கு ஒரு குளியல் தொட்டி. 1939 ஜூலை 27 அன்று இங்கிலாந்தின் பான்பரி ஊரிலிருந்து ஆக்ஸ்போர்ட் கால்வாயில் புறப்பட்டது ‘கிரெஸ்ஸி’ என்ற மரப்படகு. உள்ளே இருந்தவர்கள் டாம் ரோல்ட் என்ற இன்ஜினீயரும் அவர் மனைவி ஏஞ்சலாவும். கல்யாணமாகி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. பெண்ணின் தந்தைக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை. மாப்பிள்ளைக்குச் சொந்தமாக வீடுகூடக் கிடையாதே, படகுதானே இருந்தது!

அது ஒரு காலத்தில் சரக்கு ஏற்றிய படகு. டாமின் உறவினர் ஒருவர் அதை வாங்கி எந்திரம் பொருத்தியிருந்தார். அவரிடமிருந்து டாம் வாங்கி, பான்பரியின் டூலி படகுப் பட்டறையில் வீடாக மாற்றினார். பழைய ஃபோர்டு மாடல் டி கார் இன்ஜின் அதை ஓட்டியது. மனிதன் நடக்கும் வேகம்தான்.

ஏழடி அகலம் ஏன் என்று கேட்கலாம். 18-ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி போட்ட கணக்கு அது. மேட்டில் ஏறும் கால்வாய்க்கு ‘லாக்’ வேண்டும். இரண்டு கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தி, தண்ணீரை நிரப்பினால் படகு மேலே ஏறும். வடித்தால் கீழே இறங்கும். லாக் அகலமானால் கட்டுகிற செலவும் ஏறும், ஒவ்வொரு படகுக்கும் செலவாகும் தண்ணீரும் ஏறும். எனவே குறுகலாகக் கட்டினார்கள். அந்தச் சிக்கனமே பின்னால் வினையாக முடிந்தது. ரயில் வந்ததும் ஒடுங்கிய படகுகளால் அதோடு போட்டிபோட முடியவில்லை. பல கால்வாய்களை ரயில் கம்பெனிகளே வாங்கிக்கொண்டன. வாங்கியவற்றை வளர்க்க அவற்றுக்கு என்ன அக்கறை இருக்கும்?

ரோல்ட் தம்பதி போனது ஏறத்தாழ 400 மைல். வழியில் அவர்கள் கண்ட மனிதர்கள்தான் இந்தப் பயணத்தின் உயிர் என்பேன். பத்தடி நீள அறையில் பிள்ளைகுட்டிகளோடு குடியிருந்து, நிலக்கரி ஏற்றிய படகை ஓட்டிய குடும்பங்கள். கதவிலும் தண்ணீர்ச் செம்பிலும் ரோஜாப் பூக்களும் கோட்டைகளும் தீட்டியிருப்பார்கள். பித்தளையைக் கண்ணாடிபோலத் தேய்த்து வைத்திருப்பார்கள். ஓரிடத்தில் நிற்காத பிழைப்பு என்பதால் பலருக்குப் படிப்பு வாய்க்கவில்லை. ஆனால் எந்த லாக்கில் தண்ணீர் எப்படி இழுக்கும் என்பது மனப்பாடம். டாம் அவர்களை வேடிக்கை பார்க்கவில்லை. ஒரு கைத்தொழில்காரனை இன்னொரு கைத்தொழில்காரன் மதிக்கிற மாதிரி மதித்தார்.

பயணத்தின் நடுவே, செப்டம்பர் 3 அன்று, பிரிட்டன் போரில் இறங்கியது. டாம் சில காலம் குரூவில் இருந்த ரோல்ஸ் ராய்ஸ் ஆலையில் வேலை பார்த்தார். பிறகு 1941-இல் டார்ட்பிக் என்ற இடத்தில் கிரெஸ்ஸியைக் கட்டிப்போட்டு, ஐந்து ஆண்டுகள் அங்கேயே குடியிருந்தார்கள். தொடர்ந்து 30 லாக்குகள் படிக்கட்டாக இறங்கும் இடம் அது. பயணத்தைப் பற்றி டாம் எழுதியதைப் பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். கிராம வாழ்க்கையைப் பற்றி எழுதிவந்த மாசிங்ஹாம் கண்ணில் பட்ட பிறகுதான் கையெழுத்துப் பிரதிக்கு விமோசனம். 1944 டிசம்பரில், காகிதத்துக்கே ரேஷன் இருந்த நாளில், ‘நேரோ போட்’ வெளிவந்தது. படித்துவிட்டுக் கடிதம் எழுதியவர்களில் ஒருவர் ராபர்ட் ஐக்மன். 1945 ஆகஸ்டில் அவர் மனைவியோடு டார்ட்பிக்குக்கே வந்துவிட்டார். மறு ஆண்டே உள்நாட்டு நீர்வழிச் சங்கம் பிறந்தது. ஐக்மன் தலைவர், டாம் செயலாளர்.

சங்கத்தின் முதல் பெரிய சண்டை ஒரு சின்னப் பாலத்துக்காக நடந்தது. பர்மிங்ஹாம் பக்கம் லிஃபோர்டில், ஸ்ட்ராட்ஃபோர்ட் கால்வாயின் குறுக்கே தூக்குப்பாலம் ஒன்று இருந்தது. போர்க்காலத்தில் அது சேதமடைந்தது. கால்வாயின் சொந்தக்காரரான கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே, அதற்குப் பதில் தாழ்வான நிலைப்பாலத்தைப் போட்டுவிட்டது. படகு போக வழியில்லை. ஆனால் கால்வாயில் போகும் உரிமை சட்டத்தில் அப்படியே இருந்தது! பிரபுக்கள் சபையில் கேள்வி எழுந்தது. முன்கூட்டித் தெரிவித்தால் பாலம் தூக்கப்படும் என்று பதில் வந்தது. யாரும் வரப்போவதில்லை என்ற நம்பிக்கையில் சொன்ன பதிலாகவே எனக்குப் படுகிறது.

டாம் தெரிவித்தார். 1947 மே மாதம் கிரெஸ்ஸி வந்து நின்றது. ரயில்வே ஆட்கள் ஜாக்கி வைத்துப் பாலத்தைத் தூக்கினார்கள். பத்திரிகைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, படகு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போனது. பிற்பாடு அங்கே திருப்பிவிடக்கூடிய பாலமே அமைந்தது. ஒரு வழக்குக்கூட இல்லாமல், சொந்த வீட்டை ஓட்டிவந்து நிறுத்திப் பெற்ற வெற்றி இது. படகில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சுக்கான் பிடிக்க, ஒருவர் லாக் திறக்க. சங்கத்தின் வரலாற்றில் டாம், ஐக்மன் பெயர்கள் முன்னால் நிற்கின்றன. ஏஞ்சலாவின் பெயரும் அவற்றோடு நின்றிருக்க வேண்டும்.

1951 எல்லாவற்றையும் கலைத்துப்போட்டது. சரக்குப் படகுகள் ஓடும் கால்வாய்களை முதலில் காப்போம் என்றார் டாம். ஒன்றையும் விடக்கூடாது என்றார் ஐக்மன். டாம் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். கிரெஸ்ஸியின் அடிமரம் உளுத்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டுப் படகு வாழ்க்கைக்குப் பிறகு ஏஞ்சலா விலகி, பில்லி ஸ்மார்ட் சர்க்கஸில் சேர்ந்து ஊர் ஊராகப் போனார்.

அந்தப் பாலம் இருந்த ஸ்ட்ராட்ஃபோர்ட் கால்வாயின் தென்பகுதியோ இன்னமும் தூர்ந்தே கிடந்தது. தன்னார்வலர்கள் தூர்வாரிச் சீர்செய்தார்கள். 1964 ஜூலையில் எலிசபெத் ராணியின் தாயார் அதைத் திறந்துவைத்தார். படகுகள் ஏவான் ஆறுவரை மறுபடி போயின.