முதுசமும் அடிமையும்

செந்தூல் என்றவுடன் நம் நினைவில் முதலில் எழுவது இரயில்வே பட்டறையே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அப்பட்டறையின் சங்கொலி கேட்டு எழுந்த தலைமுறைகள் பல. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்களும் தொழில்நுட்பப் பணியாளரும் இங்கு அண்டை வீட்டாராய் வாழ்ந்தனர். யாழ்ப்பாணத்தார் தம்முடன் கந்தபுராணத்தையும் சைவத்தையும் கொணர்ந்ததை நாம் அறிவோம். அவர்கள் பேச்சில் இன்றும் வழங்கும் மூன்று சொற்களை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்பவையே அவை.

இம்மூன்றும் 'தேசவழமை' என்னும் சட்டத்தின் தூண்கள். ஒல்லாந்தர் ஆட்சியில், ஆளுநர் சிமன்ஸ் ஆணைப்படி, யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் அந்நாட்டு வழக்கங்களைத் தொகுத்தார். 1707இல் தமிழ் முதலியார் பன்னிருவர் அதனைப் பார்த்துச் சரியென ஒப்பினர். பின்னர் வந்த ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்குச் சட்டவலிமை அளித்தனர்.

முன்னோர் வழி வந்த சொத்து முதுசம். பெண் மணமாகும்போது பெறுவது சீதனம். கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்ந்த காலத்தில் ஈட்டியது தேடியதேட்டம். தந்தையின் முதுசம் ஆண்மக்களுக்கும் தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சேர்வது பழைய முறை. நிலத்தை விற்கக் கணவன் இசைவு வேண்டியிருந்தபோதும், சீதனம் மனைவியின் உடைமையாகவே நின்றது. இங்கிலாந்தில் மணமான பெண்ணுக்குத் தனிச்சொத்துரிமையைச் சட்டம் முழுமையாக வழங்கியது 1882இல்தான் என்பதை நோக்க, நம்மவர் பெருமை கொள்வதில் வியப்பில்லை.

ஆயினும் அதே நூலின் இன்னொரு பகுதியை நாம் விரைந்து புரட்டிவிடுகிறோம். அது அடிமைகளைப் பற்றியது. நான்கு குலத்தாரை அடிமைகள் என வகுத்து, அவர்கள்மேல் உடையவனுக்குள்ள உரிமையை அது பேசுகிறது. தோட்டமும் கிணறும் பனங்காணியும் எவ்வாறு ஒரு வேளாண் குடும்பத்தின் உடைமைகளோ, அவ்வாறே மனிதரும் உடைமை. சீதன ஓலையில் நகையும் நிலமும் எழுதப்பட்ட வரிசையில் அடிமையின் பெயரும் எழுதப்பட்டதுண்டு. 1694 முதல் 1696 வரை தஞ்சைப் பகுதியில் போரும் பஞ்சமும் வாட்டியபோது, பசிக்காகத் தம்மை விற்றவரும் விற்கப்பட்டவருமாக ஆயிரக்கணக்கானோர் கடல் கடந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களும் தமிழரே.

அமெரிக்கத் தென்மாநிலங்களின் வரலாற்றைப் படிப்போர்க்கு இது புதிதன்று. வர்ஜீனியாவில் பிள்ளை தாயின் நிலையையே அடையும் என்று 1662இல் சட்டம் செய்தனர். 1705இல் அடிமைகளை நிலத்தோடு ஒத்த அசையாச் சொத்து என்றனர். பண்ணையார் இறந்தால் பிள்ளைகளுக்குள் பாகம் பிரிக்கப்படும்; அப்போது ஓர் அடிமைத் தாய் ஒரு மகனுக்கும், அவள் குழந்தை இன்னொரு மகனுக்கும் போய்ச் சேரலாம். உடையவன் வீட்டுப் பாகப்பிரிவினை அடிமை வீட்டில் பிரிவாற்றாமையாக முடிந்தது. மணமான பெண்ணின் சொத்துரிமைக்கு வழிகோலியதெனப் போற்றப்படும் மிசிசிப்பி மாநிலத்து 1839ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவுகளில் பெரும்பாலானவை, மனைவிக்குரிய அடிமைகளைப் பற்றியனவே. ஒரு பெண்ணின் உரிமை இன்னொரு பெண்ணின் விலங்காக இருந்த விந்தை யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று.

அடிமைநிலை தாய்வழியே இறங்கியதால், அதனை அறுக்க முயன்றவரும் தாய்வழியையே பற்றினர். 1821இல் ஆங்கில அரசு யாழ்ப்பாணத்து அடிமைகளுக்குப் பிறக்கும் பெண்குழந்தைகளை விலைகொடுத்து மீட்க விதி செய்தது. பெண் விடுதலை பெற்றால் அவள் வயிற்றில் பிறப்போரும் விடுதலை பெறுவர் என்பதே கணக்கு. இறுதியாக 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் அடிமைமுறையை அடியோடு நீக்கியது. அமெரிக்காவில் இது நிகழ 1865 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எனினும் ஒன்றை மறுப்பதற்கில்லை. இரு நாடுகளிலும் விடுதலை வந்தது, நிலம் வரவில்லை. அமெரிக்காவில் விடுதலை பெற்றோர்க்குக் கடற்கரை நிலத்தைப் பகிர்ந்தளிக்கப் படைத்தலைவர் ஷெர்மன் 1865 சனவரியில் இட்ட ஆணையை, அவ்வாண்டே குடியரசுத் தலைவர் ஜான்சன் பயனற்றதாக்கினார். யாழ்ப்பாணத்தில் நேற்றுவரை அடிமையாக இருந்தவன் அதே தோட்டத்தில் அதே கிணற்றில் நீர் இறைத்தான். ஆனால் அக்கிணற்று நீரைத் தன் குடத்தில் மொள்ளும் உரிமை அவனுக்கில்லை. 1957இல் இலங்கை நாடாளுமன்றம் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இயற்றிய பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாயிலில் உள்ளே செல்லும் உரிமைக்காக மக்கள் போராட நேர்ந்தது. அடிமைமுறை ஒழிந்து நூற்றிருபத்து நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன!

கல்வி ஒரு சொத்து. மிஷனரிப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்று, மலாயாவில் அரசுப்பணி பெற்று, செந்தூலிலும் பிரிக்பீல்ட்சிலும் குடியேறியோரில் பெரும்பாலோர் நிலமுடைய குடும்பங்களின் பிள்ளைகள். படிப்புக்குப் பணம் தந்தது தோட்டம். தோட்டத்தில் உழைத்தவர் யார் என்ற வினாவை நம் குடும்ப வரலாறுகள் எழுப்புவதில்லை. இதனை எவரையும் இழித்துரைக்கச் சொல்லவில்லை. அவ்வெழுத்தர்களின் உழைப்பும் சிக்கனமும் மெய்யானவை. ஆனால் முதுசத்தைப் பெறுகின்றவன் அதன்மேல் உள்ள கடனையும் சேர்த்தே பெறுகின்றான் என்பது உலக வழக்கு.

இன்று நம் நாட்டில் உயில் எழுதாது இறப்போரின் சொத்தை 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம் பிரிக்கிறது. முசுலிமல்லாதார்க்குரிய அச்சட்டத்தில் மகன், மகள் என்ற வேறுபாடில்லை. இன்ன குலத்தார் என்ற கேள்வியுமில்லை. செந்தூலில் வீட்டையும் வங்கிச் சேமிப்பையும் அச்சட்டம் பிரித்துக் கொடுத்துவிடும். திருமணப் பேச்சின்போது குரல் தாழ்த்திக் கேட்கப்படும் அந்தப் பழைய கேள்வியை எந்தச் சட்டமும் பிரித்துக் கொடுப்பதில்லை; நாமே அதனைப் பிள்ளைகளின் கையில் வைக்கிறோம். வைக்காமல் விடுவதும் நம் கையிலேயே உள்ளது.