பெங்களூர்க் கரகமும் ஆண்மைக் கருத்தாக்கமும்

பெருமையையும் வலிமையையும் ஆடவர்க்குரியனவாகத் தொல்காப்பியம் வகுக்கிறது. அவ்வலிமை எங்கே பயிலப்பட்டது, யார்முன் காட்டப்பட்டது என்பன காலந்தோறும் மாறிவந்துள்ளன. இம்மாற்றத்தை ஆராய்வார்க்குப் பெங்களூர்த் திகளர் சமூகத்தின் கரக விழா சிறந்த சான்றாகும்.

தமிழ்வேர் கொண்ட திகளர் தோட்டத்தொழில் செய்தோர். வன்னிகுல சத்திரியர் எனத் தம்மைச் சொல்லிக்கொள்வர். ஏரிநீரை நம்பிப் பூவும் காய்கறியும் விளைவித்த இவர்களின் ஆடவர், ‘கரடி மனை’ எனக் கன்னடத்தில் வழங்கும் சிலம்பக்கூடங்களிலும் மற்பயிற்சிக் களங்களிலும் உடலை உரமேற்றினர். அந்த உரம் தனக்கென வளர்த்ததன்று. அசுரனை அழிக்கத் திரௌபதி தோற்றுவித்த படையே வீரகுமாரர் என்பது அவர்தம் தொன்மம். திகளர்பேட்டைத் தருமராய சுவாமி கோயிலிலிருந்து சைத்ரப் பௌர்ணமி இரவில் கரகம் புறப்படுங்கால், திறந்த மார்பும் உருவிய வாளுமாக அவர்கள் சூழ்ந்து செல்வர்.

நடுவே செல்பவரும் ஓர் ஆணே. ஆயினும் அவர் சேலை உடுத்தி, வளையும் தம் மனைவியின் தாலியும் அணிந்து, மல்லிகை சூழ்ந்த கரகத்தைக் கையால் தொடாது தலையில் தாங்குவார். கரகம் விழுமாயின் வீரகுமாரர் அவரையே வெட்டுவர் என்பது நம்பிக்கை. செஞ்சி வட்டாரத் திரௌபதி வழிபாட்டில் தீமிதி ஆடவனின் உறுதியைச் சோதிக்கும். இங்கோ பெண்ணாகித் தளராது நடப்பதே சோதனை. மீசை முறுக்குவதை மட்டும் ஆண்மையெனக் கொள்வார்க்கு இது விளங்குவதன்று.

இருபதாம் நூற்றாண்டில் ஏரிகள் தூர்ந்தன. சம்பங்கி ஏரிப்பரப்பில் கண்டீரவ விளையாட்டரங்கமும், தர்மாம்புதி ஏரிப்பரப்பில் பேருந்து நிலையமும் எழுந்தன. எச்.ஏ.எல். (1940), ஐ.டி.ஐ. (1948), எச்.எம்.டி. (1953), பி.இ.எல். (1954) ஆகிய பொதுத்துறை ஆலைகள் நகரில் மாதச் சம்பளம் பெறும் நடுத்தர வர்க்கத்தை உருவாக்கின. குடும்பத்தைத் தாங்குதல், பிள்ளைகளைப் படிக்கவைத்தல், நேரந்தவறாது பணிக்குச் செல்லுதல் என்பன ஆடவனின் தகுதிகளாயின. வைகறைதோறும் செய்த மற்பயிற்சிக்கு இவ்வாழ்வில் இடம் சுருங்கியது. 1990களுக்குப் பின் கணினித்துறை பெருகியபோது உடற்பயிற்சி திரும்பிவந்தது. ஆனால் அது கட்டணம் செலுத்திச் செல்லும் ‘ஜிம்’மாக வந்தது. அங்கு வளரும் உடல் கண்ணாடிக்கு விடையளிப்பது. எதனையும் காக்கும் கடன் அதற்கில்லை.

ஆதலால், ஆண்டு முழுதும் பரவியிருந்த ஓர் ஒழுக்கம் சில நாள் விரதமாகக் குறுகிற்று எனலாம். குறுகினும் அற்றுவிடவில்லை. அலுவலகப் பணியில் இருப்போரும் அந்நாள்களில் வாளேந்தி வருகின்றனர். சம்பங்கி ஏரியில் எஞ்சியிருப்பது சிறு குளமே. கரகச் சடங்குகளுக்கு இன்றும் அங்கேதான் செல்கின்றனர்.