வெர்னியர்

திரையில் எண் காட்டும் டிஜிட்டல் காலிப்பர் என்ற அளவுக் கருவியையும் பட்டறைகளில் ‘வெர்னியர்’ என்றே கேட்டு வாங்குகிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது. பியர் வெர்னியே என்ற கணிதர் 1631இல் பிரஸ்ஸல்ஸில் வெளியிட்ட நூலில் விளக்கிய, முதன்மைக் கோலை ஒட்டி நகரும் சிறு துணைக்கோலுக்குத்தான் அந்தப் பெயர். துணைக்கோலில் 49 மி.மீ. நீளத்தை 50 கூறாக்கிவிட்டால், எந்தக் கோடு எதனோடு நேர்படுகிறது என்று பார்த்தே 0.02 மி.மீ. வரை படித்துவிடலாம். என்ன அருமையான யோசனை! ஜெர்மானியர் இந்தத் துணைக்கோலை ‘நோனியஸ்’ என்பர். அது போர்ச்சுகல் கணிதர் பெத்ரோ நூனிஷின் லத்தீன் பெயர். அவர் முறை வேறு என்றாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. பழைய கருவி கைக்கு வந்தால் முதலில் அந்தத் துணைக்கோலைத் தேடுங்கள். அதற்குப் பதில் வட்ட முகப்பும் முள்ளும் இருந்தால் அது டயல் காலிப்பர். துப்பாக்கிக் குழலின் விட்டத்தைக் குறிக்கும் ‘காலிபர்’தான் ‘காலிப்பர்’ ஆனது. அதன் வேரை, வார்ப்பு அச்சைக் குறிக்கும் அரபுச் சொல் ‘காலிப்’ வரை கொண்டுசெல்வார்கள். காலிப்பருக்கு நம் பாடநூல்களின் ‘அளவி’ நல்ல சொல். துணைக்கோல் உள்ளதை மட்டும் ‘வெர்னியர் அளவி’ என்று வைத்து, மற்றவற்றை ‘முள் அளவி’, ‘எண் அளவி’ எனலாம்.