வெளிமான் நட்ட எல்லைக்கல்

புரட்டாசியில் முதல் மழை விழுந்ததும் உழவு ஓட்ட மேலக்காட்டுக்குப் போனேன். கரிசலுக்கு நடுவுல, போன வருஷம் இருந்த அதே இடத்தில் புழுக்கைக் குவியல். ஒரு முறம் அளவு இருக்கும். பழசு அடியில், புதுசு மேலே. அம்பது அடி தள்ளி அய்யா நின்னுக்கிட்டு இருந்தார். முதுகு கருப்பு, வயிறு வெள்ளை, முறுக்குக் கம்பி மாதிரி ரெண்டு கொம்பு.

எங்க ஊர் வல்லநாட்டு மலைக்குப் பக்கம். டவுன்ல இருந்து வர்ற சொந்தக்காரங்க "புள்ளிமானா?"ன்னு கேப்பாங்க. இல்லை, இது வெளிமான். அடர்ந்த காட்டுக்குள்ள தங்காது, வெட்டவெளிதான் வீடு. சங்கப் பாட்டில் முல்லை நிலத்தில் பிணையோடு வரும் இரலை இதுதான் என்பார்கள். இதுக்காகவே 1987-ல் இங்கே சரணாலயம் அறிவிச்சாங்க. மானுக்கு அந்த எல்லை தெரியாது. அதுக்கு வேற எல்லை இருக்கு.

அந்தக் குவியல்தான் எல்லைக்கல். இணைசேரும் காலத்தில் வளர்ந்த கலை ஒரு துண்டு நிலத்தைப் பிடிச்சுக்கும். திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வந்து புழுக்கை போடும், மூத்திரம் விடும். கண்ணுக்கு முன்னால இருக்கிற சுரப்பியைக் குச்சியிலும் புல்லிலும் தேய்க்கும். பிணை வந்தா மூக்கை வானத்துக்குத் தூக்கி, கொம்பை முதுகில் சாய்ச்சு, புது மாப்பிள்ளை மாதிரி நடக்கும். இன்னொரு கலை வந்தா கொம்போடு கொம்பு. மேய்ச்சல் குறைஞ்சு விலா தெரிஞ்சாலும் இடத்தை விட்டுப் போகாது. அமெரிக்காவில் வெள்ளைவால் மான் இதே சேதியை வேற மாதிரி எழுதுது. மண்ணைக் காலால சுரண்டி அதில் மூத்திரம் விட்டு, மேலே தொங்குற கிளையை நக்கி வைக்கும். 1932-ல் நம்ம வெளிமானைக் கொண்டுபோய் டெக்சாஸில் விட்டாங்க. இப்போ அங்கே ரெண்டு சாதியும் பக்கத்துப் பக்கத்து மேய்ச்சல்.

இந்தப் பிடிவாதத்தை மனுஷன் எப்பவோ கண்டுபிடிச்சுட்டான். அக்பர் அரண்மனை நடைமுறையை எழுதிய அபுல் ஃபஸல், 'அயினி அக்பரி'யில் மானை வச்சே மான் பிடிக்கிற வித்தையைச் சொல்றார். பழக்கின கலையின் கொம்பில் வலையைக் கட்டி, காட்டு மான் முன்னால் விடுவாங்க. அது சண்டைக்கு வரும். முட்டுற வேகத்தில் கொம்பு, காது, கால் எல்லாம் வலையில் சிக்கும். மறைஞ்சிருந்தவங்க ஓடி வந்து அமுக்கிடுவாங்க. 1596-ல் மான் சண்டை வேடிக்கை பார்த்த அக்பரையே ஒரு மான் முட்டிப் படுக்கையில் போட்டுடுச்சு. மானுக்குப் பாதுஷாவாவது, பக்கிரியாவது!

அவர் மகன் ஜஹாங்கீர் கதை இன்னும் விசேஷம். அவர்கிட்ட மன்ஸ்ராஜ்னு ஒரு மான். சண்டையிலும், காட்டு மானைப் பிடிச்சுக் கொடுக்கிறதிலும் அதை மிஞ்ச ஆள் இல்லை. அது செத்ததும் கல்லறை கட்டி, அந்த வட்டாரத்தில் யாரும் மானை வேட்டையாடக் கூடாதுன்னு உத்தரவு போட்டார். லாகூர் பக்கம் ஷேக்குபுராவில் அந்த இடத்தில் 'ஹிரண் மினார்' என்ற கோபுரம் இன்னும் நிக்குது. தன் இனத்தையே காட்டிக் கொடுத்த மானுக்கு நினைவுச் சின்னம்! ராஜாக்கள் சிவிங்கிப்புலியைப் பழக்கி ஏவிவிட்டதும் இதே வெளிமான் மேலதான். அந்தச் சிவிங்கிப்புலி நாட்டிலேயே இல்லைன்னு 1952-ல் அறிவிச்சாச்சு. வெளிமான் தப்பிச்சது. 1972 வனவிலங்குச் சட்டத்தில் அதுக்கு முதல் அட்டவணை.

இதெல்லாம் நான் தேடிப் படிச்சதுக்குக் காரணம் இருக்கு. உழவு முடிஞ்ச மறுநாள் ஒருத்தர் வந்தார். பேர் வேண்டாம். "அண்ணாச்சி, குவியல் எங்க இருக்குன்னு மட்டும் காட்டுங்க. மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்றார். பையில் நைலான் கண்ணி. போன வருஷம் ஒன்றரை ஏக்கர் உளுந்து மான் வாயில் போன கதை அவருக்கும் தெரியும். கூட்டுறவுக் கடன் இன்னும் நிக்குது. உண்மையைச் சொல்லணும்னா, உடனே வேண்டாம்னு வாயில் வரலை. "சாயங்காலம் சொல்லுதேன்"னேன்.

சாயங்காலம் காட்டுக்குப் போனேன். இன்னொரு கலை வரப்போரம் வந்து நின்னுச்சு. நம்மாளு விலா துருத்திக்கிட்டு, மூக்கைத் தூக்கிக்கிட்டு, எதிர்க்கப் போறான். வந்தவன் திரும்பிட்டான். இவன் நேரா குவியலுக்கு வந்து, முகர்ந்து, புழுக்கை போட்டு, அதுமேலேயே படுத்துக்கிட்டான். இங்கதான் கண்ணி வச்சிருப்பாங்க.

அவர்கிட்ட வேண்டாம்னுட்டேன். உளுந்து விதைக்கையில் குவியலைச் சுத்தி கொஞ்சம் தரிசா விட்டேன். கார்த்திகையில் பிணைகள் கூட்டமா வந்து பாதி உளுந்தை மேய்ஞ்சுட்டுப் போயிட்டுது. தரிசை எதுவும் தொடலை. அங்க என்ன இருக்கு தொட?

வீட்டுக்காரி இன்னும் பேசிட்டு இருக்கா: "எல்லைக்கல் என்னத்துக்கு? பேசாம அதும் பேருக்கே பட்டாவ மாத்திக் குடுத்துருங்க."